கிடார் கற்க ஆசையா? நல்ல ஆசிரியரைத் தேட கம்ப்யூட்டர் உதவும்!

யு-ட்யூப் தளத்தில் கிடார் என டைப் செய்து என்டர் தட்டினால், பார்த்து முடிக்க முடியாத அளவிற்கு வீடியோ பாடங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஜஸ்டின் கிடார் என்னும் இணைய தளம் 2003 ஆம் ஆண்டிலிருந்து தொடக்க நிலைப் பாடங்களை இலவசமாகவே தந்து வருகிறது. யூசிஷியன் போன்ற அப்ளிகேஷன்களோ, நாம் வாசிப்பதை மைக் வழியாகக் கேட்டு, உடனுக்குடன் மதிப்பெண்ணும் போடுகின்றன. இவ்வளவும் வீட்டிலேயே கிடைக்கும்போது, மாதந்தோறும் கட்டணம் செலுத்தி ஓர் ஆசிரியரிடம் தனியாகக் கற்க வேண்டுமா என்ற கேள்வி எழுவது இயற்கையே.

கற்க வேண்டும் என்பதே என் பதில். அதற்கான காரணத்தையும், தகுதியான ஆசிரியரைத் தேட, சோதித்துப் பார்க்க, அவரிடம் இன்டர்நெட் வழியே கற்றுக் கொள்ள நம் வீட்டுக் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் இங்கு காணலாம்.

சாப்ட்வேர் எதைக் கேட்கிறது?

கிடாரில் ஆறு கம்பிகள் உள்ளன. வழக்கமான சுருதி அமைப்பில், மிகத் தடிமனான ஆறாவது கம்பி நொடிக்கு 82.41 முறை அதிர வேண்டும். அதாவது 82.41 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்து 146.83, 196, 246.94 எனச் சென்று, மிக மெல்லிய முதல் கம்பி 329.63 ஹெர்ட்ஸ் அளவில் அதிரும். கம்பிகளுக்குக் குறுக்கே பதிக்கப்பட்டிருக்கும் உலோகக் கட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். ஒரு ஃப்ரெட் தள்ளி அழுத்தினால், அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்கு உயரும். 12 ஃப்ரெட் தாண்டினால் சரியாக இரு மடங்காகும்.

பயிற்சி தரும் அப்ளிகேஷன்கள் இந்த எண்களைத்தான் சோதிக்கின்றன. மைக்கில் வந்த ஒலியின் அதிர்வெண் என்ன, அது எந்த நேரத்தில் வந்தது என்று கணக்கிட்டு, பாடத்தில் உள்ளதோடு ஒப்பிடுகின்றன. இரண்டும் பொருந்தினால் பச்சை விளக்கு. இந்த வேலையை அவை நன்றாகவே செய்கின்றன. ஆனால் அந்த ஒலியை எந்தக் கை, எப்படி உண்டாக்கியது என்பதை மைக் அறியாது.

என் சித்தப்பா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். நான்கு மாதங்கள் மொபைல் அப்ளிகேஷன் ஒன்றை வைத்துத் தானாகவே கிடார் பழகினான். ஏறக்குறைய எல்லா பாடங்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். ஆனால் இடது மணிக்கட்டில் வலி தொடங்கிவிட்டது. அரை மணி நேரம் வாசித்தால், அன்று இரவு தண்ணீர்ச் சொம்பைக்கூட அந்தக் கையால் தூக்க முடியவில்லை. டாக்டர் சில வாரங்கள் ஓய்வு கொடுக்கச் சொன்னார். சித்தி கிடாரை விற்றுவிடலாம் என்றார். அவன் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டான். கடைசியில், “நீதானேப்பா கம்ப்யூட்டர் படிச்சவன். ஒரு நல்ல மாஸ்டரா பார்த்துச் சொல்லு. அவரும் வேண்டாம்னா வித்துடுவோம்” என்று சித்தப்பா அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

ஓய்வுக் காலம் முடிந்து, தேடிக் கண்டுபிடித்த ஆசிரியர் முதல் வகுப்பில் ஐந்து நிமிடம் அவன் வாசிப்பதைப் பார்த்தார். பிறகு மூன்று விஷயங்களைச் சொன்னார். கிடாரின் கழுத்து தரையை நோக்கிச் சாய்ந்திருப்பதால் மணிக்கட்டு அளவிற்கு மேல் வளைகிறது. கட்டை விரல் கழுத்தின் பின்னால் நின்று தாங்காமல், இடுக்கி போல நெரிக்கிறது. விரல் ஃப்ரெட்டின் அருகில் அழுத்தாமல் நடுவில் அழுத்துவதால் இரு மடங்கு பலம் செலவாகிறது. ஒரு சிறிய முக்காலியைப் போட்டு இடது காலை உயர்த்தி, கிடாரின் கழுத்தைச் சற்று மேல் நோக்கி வைத்தார். பத்து பத்து நிமிடமாக மட்டும் வாசிக்கச் சொன்னார். அடுத்த சில வாரங்களில் வலி இல்லாமல் வாசிக்க முடிந்தது. தவறாக அழுத்தினாலும் சரியாக அழுத்தினாலும் ஐந்தாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில் வருவது அதே 123.47 ஹெர்ட்ஸ்தான். அதனால்தான் அப்ளிகேஷன் இரண்டிற்கும் ஒரே மதிப்பெண் கொடுத்தது.

எனவே ஓர் ஆசிரியருக்கு நாம் கொடுக்கும் பணம், பாடத்திற்கான பணம் அல்ல. பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. நம் கையைப் பார்த்துத் திருத்துவதற்கான பணம் அது. ஆசிரியரைத் தேடும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துக் கொண்டால் போதும். மற்ற அனைத்தையும் இதிலிருந்தே முடிவு செய்திடலாம்.

தகுதி என்பது என்ன?

கிடார் ஆசிரியர் எனப் பெயர்ப் பலகை மாட்டுவதற்கு, நம் நாட்டில் கட்டாயத் தகுதித் தேர்வு எதுவும் இல்லை. எனவே தகுதியைச் சரி பார்க்கும் வேலை நம்முடையது. மேற்கத்திய இசையைப் பொறுத்தவரை மூன்று தேர்வு அமைப்புகளின் பெயர்களை அடிக்கடி கேட்பீர்கள்.

டிரினிட்டி காலேஜ் லண்டன்: 1877 முதல் இசைத் தேர்வுகளை நடத்தி வரும் அமைப்பு. கிளாசிக்கல் கிடாருக்கும், ராக் அண்ட் பாப் பிரிவில் எலெக்ட்ரிக் கிடாருக்கும் தேர்வுகள் உண்டு. இனிஷியல் என்ற தொடக்க நிலைக்குப் பின் கிரேடு 1 முதல் 8 வரை. மொத்த மதிப்பெண் 100. தேர்ச்சிக்கு 60, மெரிட் பெற 75, டிஸ்டிங்ஷன் பெற 87.

ஏபிஆர்எஸ்எம்: 1889 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் அமைப்பு. கிளாசிக்கல் கிடாருக்குத் தேர்வு நடத்துகிறது. மொத்த மதிப்பெண் 150. தேர்ச்சிக்கு 100, மெரிட் பெற 120, டிஸ்டிங்ஷன் பெற 130.

ராக்ஸ்கூல்: 1991 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ராக், பாப் வகை இசைக்கானது. டெபு என்ற நிலையில் தொடங்கி கிரேடு 8 வரை செல்லும்.

கிரேடு 8 முடித்தவர்களுக்கு அதற்கு மேல் டிப்ளமோக்களும் உண்டு. டிரினிட்டியின் ஏடிசிஎல், எல்டிசிஎல், எப்டிசிஎல் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

சான்றிதழைப் பார்க்கும்போது நான்கு விஷயங்களைக் கவனிக்கவும்.

1. எந்தக் கருவி? கீபோர்டிலோ தியரியிலோ பெற்ற கிரேடு, கிடார் வாசிப்பிற்கான சான்று ஆகாது.

2. எந்த வகை? கிளாசிக்கல் கிடாரில் நைலான் கம்பிகளை விரல்களால் மீட்டுவார்கள். ராக் வகையில் உலோகக் கம்பி, பிக், ஆம்ப்ளிபையர் என எல்லாமே வேறு. உங்களுக்கு எது வேண்டுமோ, அதில் பயின்றவரைத் தேடுவது நல்லது.

3. “டிரினிட்டி தேர்விற்குத் தயார் செய்கிறோம்” என்பது வேறு. “டிரினிட்டி தேர்வில் நான் தேறியிருக்கிறேன்” என்பது வேறு. முதல் வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் நோட்டீசில் அச்சிடலாம்.

4. கிரேடு தேர்வு வாசிக்கும் திறனைச் சோதிப்பது. கற்பிக்கும் திறனை அது சோதிப்பதில்லை. எனவே சான்றிதழோடு நின்றுவிடாமல், “உங்களிடம் கற்றவர் ஒருவரிடம் பேசலாமா?” என்று கேட்கவும். நல்ல ஆசிரியர் இதற்குக் கோபித்துக் கொள்ள மாட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் ஊர் மெல்லிசைக் குழுக்களிலும் சர்ச் இசைக் குழுக்களிலும் பல ஆண்டுகள் வாசித்தவர்களில், ஒரு சான்றிதழும் இல்லாத அருமையான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற இளையராஜா, டிரினிட்டியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றவர். பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கும் மாஸ்டரும் தேர்வும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சான்றிதழ் இல்லாதவர் என்றால் அவர் வாசிப்பதைக் கேளுங்கள், அவருடைய மாணவர்கள் வாசிப்பதையும் கேளுங்கள். அவ்வளவுதான்.

தேடுவது எப்படி?

கூகுள் தேடல் கட்டத்தில் கிடார் வகுப்பு என்பதோடு உங்கள் ஊர் பெயரை மட்டும் தந்தால், விளம்பரம் கொடுத்தவர்களே முதலில் வருவார்கள். அதற்குப் பதிலாகக் கூகுள் மேப்ஸ் திறந்து உங்கள் பகுதியைப் பெரிதாக்கி வைத்துக் கொண்டு தேடவும். நடந்தோ பஸ்ஸிலோ செல்லக் கூடிய தூரத்தில் இருப்பவர்கள் கிடைப்பார்கள். விமர்சனங்களைப் படிக்கையில், மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் வரிசைப்படுத்திப் படிக்கவும். “ஆசிரியர் அடிக்கடி மாறுகிறார்” என்று இரண்டு பேர் எழுதியிருந்தால், அது ஐம்பது ஐந்து-நட்சத்திரங்களை விட முக்கியமான தகவல். ஒரே வாரத்தில் ஒரே மாதிரியான வாக்கியங்களில் வந்து குவிந்த பாராட்டுக்களைத் தள்ளிவிடலாம்.

இணையத்தில் இல்லாதவர்களையும் விட்டுவிடக் கூடாது. இசைக் கருவி விற்கும் கடைகளில் விசாரிக்கலாம். சென்னை அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிகல், 1842 ஆம் ஆண்டு தொடங்கிய கடையின் வழி வந்தது; இசை வகுப்புகளும் நடத்துகிறது. முழு நேரப் படிப்பாகக் கற்க விரும்புவோருக்கு, ஏ.ஆர். ரகுமான் 2008 ஆம் ஆண்டு தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற கல்லூரிகள் உள்ளன. சிறிய ஊர்களில் கம்பி மாற்றித் தரும் கடைக்காரருக்கும் சர்ச் இசைக் குழுவினருக்கும் ஊரில் உள்ள எல்லா கிடார் ஆசிரியர்களையும் தெரிந்திருக்கும்.

கிடைத்த பெயர்களை எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் ஒரு அட்டவணையாக அமைக்கவும். பெயர், தூரம், இசை வகை, தகுதி, மாதக் கட்டணம், வகுப்புகளின் எண்ணிக்கை, ஒரு வகுப்பின் நிமிடங்கள், ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள் என எட்டு நெட்டு வரிசைகள் போதும். ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்த்து, உங்களுக்குக் கிடைக்கும் ஒரு நிமிடத்தின் விலையைக் கணக்கிடவும்.

எடுத்துக்காட்டாக, முதல் ஆசிரியர் மாதம் 3,000 ரூபாய் கேட்கிறார். 45 நிமிட வகுப்புகள் எட்டு. மொத்தம் 360 நிமிடம். நிமிடத்திற்கு 8.33 ரூபாய். இரண்டாவது ஆசிரியர் 2,400 ரூபாய்க்கு ஒரு மணி நேர வகுப்புகள் நான்கு தருகிறார். 240 நிமிடம். நிமிடத்திற்கு 10 ரூபாய். முதலாமவர் மலிவாகத் தெரிகிறார். ஆனால் அவர் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து உட்காருவார்கள் என்றால், உங்கள் கையைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் 90 நிமிடம்தான். ஒரு நிமிடத்தின் விலை 33.33 ரூபாய் ஆகிவிடும். இரண்டாமவர் தனி வகுப்பு எடுப்பவர் என்றால், அவரே மலிவானவர்.

மாதிரி வகுப்பில் கவனிக்க வேண்டியவை

கட்டணம் செலுத்தும் முன் ஒரு மாதிரி வகுப்பு கேட்கவும். இலவசமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆசிரியரின் அனுமதியுடன் மொபைல் போனில் அதனைப் பதிவு செய்து கொள்ளவும். நான் தம்பிக்காக மூன்று மாதிரி வகுப்புகளைப் பதிவு செய்து, வீட்டிற்கு வந்து மீண்டும் கேட்டேன். மாணவன் வாசித்த நிமிடங்களைக் கடிகாரம் வைத்து எண்ணினேன். ஓரிடத்தில் 40 நிமிட வகுப்பில் அவன் வாசித்தது 6 நிமிடம். மீதி நேரம் ஆசிரியர் வாசித்தார். மிக அழகாகவே வாசித்தார். ஆனால் அது கச்சேரி, வகுப்பு அல்ல. நாங்கள் தேர்ந்தெடுத்த ஆசிரியரின் வகுப்பில் 40 நிமிடத்தில் 23 நிமிடம் அவன் கையில் கிடார் ஒலித்தது.

மேலும் கவனிக்க வேண்டியவை:

* வகுப்பைத் தொடங்கும் முன் மாணவனின் கிடாருக்குச் சுருதி சேர்த்தாரா?

* எந்த மாதிரி இசை பிடிக்கும், எதற்காகக் கற்கிறாய் என்று கேட்டாரா?

* பக்கவாட்டில் நகர்ந்து வந்து, கைகளையும் உட்காரும் விதத்தையும் பார்த்தாரா?

* பத்து தவறுகளை ஒரே நேரத்தில் அடுக்கினாரா, அல்லது ஒன்றைத் திருத்தி, அது சரியாகும் வரை காத்திருந்தாரா?

* அடுத்த வகுப்பிற்குள் என்ன பயில வேண்டும் என எழுதிக் கொடுத்தாரா?

* வலி இருக்கிறதா என்று கேட்டாரா? புதிதாகக் கற்பவருக்கு விரல் நுனித் தோல் எரிவது இயல்பு. சில வாரங்களில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டிலோ முன் கையிலோ வலி என்றால் அது இயல்பல்ல. “வலிச்சாதான் வரும்” என்று சொல்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். வலி தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்கவும்.

சிறு வயதுப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் உடன் இருக்க அனுமதிக்க வேண்டும். உங்களைக் கேட்காமல் பிள்ளையின் வீடியோவை விளம்பரத்திற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் முதலிலேயே பேசிவிடவும்.

பணம் கட்டும் முன்

ஓராண்டிற்கான கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினால் தள்ளுபடி என்று சொன்னால், முதல் மூன்று மாதங்களுக்காவது மாதக் கணக்கில் செலுத்திப் பார்க்கவும். விட்டுப்போன வகுப்பிற்கு மாற்று வகுப்பு உண்டா, இடையில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுத்தில் வாங்கிக் கொள்ளவும். பணத்தை வாங்கிக் கொண்டு வகுப்பு நடத்தாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்திடலாம். அப்போது இந்தச் செய்திகள் ஆதாரமாகும்.

அப்ளிகேஷன்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு வாரம் இலவசம் என்று தொடங்குபவை, அது முடிந்தவுடன் ஆண்டுக் கட்டணத்தைத் தானாகவே எடுத்துக் கொள்ளலாம். மொபைலிலிருந்து அப்ளிகேஷனை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். நிற்காது. ஆண்ட்ராய்ட் போனில் ப்ளே ஸ்டோர் திறந்து, உங்கள் படத்தின் மீது தட்டி, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பிரிவில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் தேர்ந்தெடுத்து, அங்கு கேன்சல் செய்திட வேண்டும்.

ஆன்லைன் வகுப்பு: செட்டிங்ஸ் முக்கியம்

அருகில் தகுந்த ஆசிரியர் கிடைக்காதவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு நல்ல வழி. முன்பு இதற்குப் பலரும் பயன்படுத்திய ஸ்கைப், 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. இப்போது ஸூம் பரவலாகப் பயன்படுகிறது. இலவசக் கணக்கில் ஒரு மீட்டிங் 40 நிமிடம் வரை நடக்கும். ஒரு தனி வகுப்பிற்கு ஏறக்குறைய போதுமானது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வீடியோ அழைப்பு சாப்ட்வேர்கள் பேச்சிற்காக வடிவமைக்கப்பட்டவை. மின்விசிறியின் இரைச்சல் போல நீண்டு ஒலிக்கும் எதையும் தேவையற்றது எனக் கருதி நீக்கிவிடும். கிடாரின் நீண்ட நாதமும் அதற்கு இரைச்சல்தான். அதனால் நீங்கள் மீட்டிய சுரம் ஆசிரியருக்குப் பாதியில் அறுந்து போய்க் கேட்கும். இதனைத் தடுக்கும் வழி:

1. கம்ப்யூட்டரில் ஸூம் புரோகிராமைத் திறந்து செட்டிங்ஸ் செல்லவும். அதில் ஆடியோ பிரிவைத் தேர்ந்தெடுக்கவும்.

2. ஒரிஜினல் சவுண்ட் பார் மியூசிஷியன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அதன் கீழ் உள்ள ஹை பிடலிட்டி மியூசிக் மோட் என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்தவும்.

3. எக்கோ கேன்சலேஷன் என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். இப்படிச் செய்தால் கட்டாயம் ஹெட்போன் அணிய வேண்டும். இல்லையேல் ஸ்பீக்கர் ஒலி மைக்கிற்குள் சென்று எதிரொலிக்கும்.

4. மீட்டிங் தொடங்கியவுடன் ஒரிஜினல் சவுண்ட் ஆன் நிலையில் உள்ளதா எனப் பார்த்துக் கொள்ளவும்.

5. ஆசிரியரும் தன் கம்ப்யூட்டரில் இதே மாற்றங்களைச் செய்திட வேண்டும். உங்கள் செட்டிங்ஸ், நீங்கள் அனுப்பும் ஒலியை மட்டுமே கட்டுப்படுத்தும்.

ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போன் ஒலியைத் தாமதமாகத் தரும். அதன் மைக்கையும் பயன்படுத்தினால் ஒலியின் தரமும் தொலைபேசி அளவிற்குக் குறைந்துவிடும். இயன்றால் வை-பி தவிர்த்து, லேன் கேபிள் மூலம் இணைக்கவும்.

கேமராவை முகத்திற்கு வைக்காமல் கைகளுக்கு வைக்கவும். லேப்டாப்பைச் சற்றுத் தள்ளி, இரு கைகளும் முழுக் கிடாரும் தெரியும்படி அமைக்கவும். மொபைல் போன் இருந்தால் அதையும் அதே மீட்டிங்கில் இணைத்து, இடது கைக்குப் பக்கவாட்டில் ஸ்டாண்டில் நிறுத்தவும். கட்டை விரல் என்ன செய்கிறது என்பது அப்போதுதான் ஆசிரியருக்குத் தெரியும். போனில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் காது கூசும் சத்தம் எழும். திரையில் உங்கள் உருவம் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாக மாறித் தெரியலாம். கவலை வேண்டாம். ஆசிரியருக்குச் சரியாகவே தெரியும்.

சேர்ந்து வாசிக்க முடியாதது ஏன்?

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரே அறையில் ஒன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் ஆசிரியரின் ஒலி, 4 மில்லி செகண்டில் உங்களை வந்து அடையும். காதிற்கு அது தாமதமாகவே தெரியாது. இன்டர்நெட் வழியே, ஒலியைப் பதிந்து, சுருக்கி, அனுப்பி, வாங்கி, விரிப்பதற்குள் 150 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். இது 50 மீட்டருக்கு அப்பால் நின்று வாசிப்பதற்குச் சமம். நீங்கள் அதைக் கேட்டு வாசித்து, அது ஆசிரியருக்குத் திரும்பிச் செல்ல இன்னொரு 150. மொத்தம் 300 மில்லி செகண்ட். நிமிடத்திற்கு 120 தட்டுகள் உள்ள பாட்டில் ஒரு தட்டின் நீளமே 500 மில்லி செகண்ட்தான். அதாவது நீங்கள் சரியாக வாசித்தாலும் ஆசிரியருக்கு அரைத் தட்டிற்கு மேல் பிந்தியே கேட்கும்.

எனவே ஆன்லைன் வகுப்பில் இருவரும் சேர்ந்து வாசிக்க முயல வேண்டாம். ஆசிரியர் வாசிக்க, நீங்கள் கேட்டு, பிறகு வாசிக்கவும். தாளத்திற்கு உங்கள் பக்கத்திலேயே மெட்ரோனோம் ஓடட்டும். ஜாமுலஸ், ஜாக்ட்ரிப் போன்ற இலவச சாப்ட்வேர்கள் இந்தத் தாமதத்தைக் குறைக்கவென்றே உருவானவை. ஆனால் வேகமான இணைப்பும், இருவரும் தொலைவில் இல்லாமல் இருப்பதும் அவசியம். தாள உணர்வு சரியாக அமையாதவர்கள், மாதம் ஒரு முறையாவது நேரில் ஆசிரியருடன் சேர்ந்து வாசிப்பது நல்லது.

வகுப்பு இல்லாத நாட்களில்

வாரத்தில் ஆசிரியர் பார்ப்பது ஒரு மணி நேரம் என்றால், மற்ற நாட்களில் கம்ப்யூட்டர் நமக்கு நல்ல உதவியாளன்.

சுருதி: கிடார் ட்யூனா, பெண்டர் ட்யூன் போன்ற இலவச ட்யூனர்கள் மொபைலில் கிடைக்கின்றன. தினமும் வாசிக்கும் முன் ஆறு கம்பிகளையும் சரி பார்க்கவும்.

வேகம்: யு-ட்யூப் வீடியோவில் பல் சக்கர அடையாளத்தின் மீது கிளிக் செய்து, ப்ளேபேக் ஸ்பீட் பிரிவில் 0.75 அல்லது 0.5 தேர்ந்தெடுத்தால், சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறையும். உங்களிடம் உள்ள ஆடியோ பைல் என்றால் ஆடாசிட்டி புரோகிராமில் திறந்து, எபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போ பயன்படுத்தவும். சேஞ்ச் ஸ்பீட் வேண்டாம். அது சுருதியையும் சேர்த்து மாற்றிவிடும். 2000 ஆவது ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில், ஜெனரேட் மெனு மூலம் மெட்ரோனோம் போன்ற தாளத் தட்டுகளையும் உருவாக்கலாம்.

பதிவு: வாரம் ஒரு முறை, நீங்கள் பயிலும் பாடத்தை நிறுத்தாமல் ஒரே மூச்சில் பதிவு செய்யவும். பைலின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால், போல்டரில் தானாகவே கால வரிசையில் அடுக்கப்படும். மூன்று மாதங்களுக்கு முந்தைய பைலைத் திறந்து கேட்டால், நீங்கள் முன்னேறியிருக்கிறீர்களா என்பது தெரிந்துவிடும். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டும் இப்போது வீடியோவாக அனுப்பும் டிஜிட்டல் தேர்வுகளையும் நடத்துகின்றன. ஒட்டு வெட்டு இல்லாமல் தொடர்ச்சியாகப் பதிவு செய்வதே அவற்றின் விதி என்பதால், இந்தப் பழக்கம் தேர்விற்கும் உதவும்.

அந்தப் பதிவை ஆசிரியருக்கு அனுப்பி வையுங்கள். ஒலியை மட்டும் அனுப்பாமல், கை தெரியும்படி வீடியோவாக அனுப்புங்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு, இரண்டாவது நிமிடத்தில் விரல் ஏன் தூக்குகிறது என்று கேட்டால், சரியான ஆசிரியரிடம்தான் சேர்ந்திருக்கிறீர்கள். மூன்று மாதங்கள் ஆகியும் “சூப்பர்” என்ற ஒரே பதில்தான் வருகிறது என்றால், உங்கள் எக்ஸெல் அட்டவணையைத் திறந்து அடுத்த பெயருக்கு போன் செய்யுங்கள்.